வெயில் வேலையும் கூலிக் கணக்கும்: தோஹாவிலும் திருச்சியிலும் பார்த்தது

வெயிலில் வேலை பார்க்கிறவர்களுக்குப் புத்தி சொல்ல ஆள் குறைவே இல்லை. தண்ணீர் குடி, தலைக்குத் துண்டு கட்டு, மோர் குடி, பன்னிரண்டு மணிக்கு மேல் வெளியே தலை காட்டாதே. கட்டட வேலையில் இருக்கிற யாரிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் தலை காட்டாமல் இருந்தால் சாயங்காலம் கூலி யார் தருவது?

கத்தாரில் சில வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்துவிட்டு, இப்போது திருச்சிப் பக்கம் சின்னச் சின்னக் கட்டடங்களுக்கு சூப்பர்வைசராக ஓடிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஊர் வெயிலையும் பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். ஆளைச் சாய்ப்பது வெயில். அந்த ஆளை நகர விடாமல் வெயிலில் நிறுத்தி வைப்பது கூலி பேசிய விதம். நாள் கூலியா, சதுர மீட்டர் கணக்கா, மொத்தக் காண்ட்ராக்டா என்று கேட்டாலே எந்த சைட்டில் ஆள் விழுவார் என்று பாதி சொல்லிவிடலாம். மீதிப் பாதிக்குத்தான் மருத்துவம் தெரிய வேண்டும்.

தோஹாவில் ஜூன் மாதம் 45 டிகிரி சாதாரணம். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். உதடு வெடிக்கும், கண் எரியும். ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் அந்த மாதத்தில்தான் பரிதாபப்படுவார்கள். சைட்டில் இருக்கிறவர்களைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசியையும் செப்டம்பரையும் சொல்வார்கள். அப்போது வெப்பம் 38, 39 என்று இறங்கியிருக்கும். ஆனால் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறிவிடும். விடியற்காலையில் கேம்ப் பஸ் கண்ணாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் வழியும். வியர்வை சுரந்தால் மட்டும் உடம்பு குளிராது, அது உலர வேண்டும். உலரும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஈரக்காற்றில் வியர்வை சொட்டிக் கீழே விழுகிறது, அவ்வளவுதான். தண்ணீரும் போகிறது, உப்பும் போகிறது, சூடு மட்டும் உள்ளேயே நிற்கிறது.

இதை அளக்க சைட்டில் ஒரு மீட்டர் வைத்திருந்தோம். முக்காலி மேல் ஒரு கறுப்பு உருண்டை, ஈரத் திரி சுற்றிய ஒரு குமிழ், சாதாரண வெப்பமானி ஒன்று. மூன்றையும் சேர்த்து வருவதை டபிள்யூபிஜிடி என்பார்கள். 1950களில் அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் மரைன் வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்துகொண்டே இருந்ததால் பிறந்த கணக்கு இது. வெட்டவெளியில் ஈரத் திரிக் குமிழுக்கு 70 சதவீதம், வெயிலை வாங்கும் கறுப்பு உருண்டைக்கு 20, காற்றின் வெப்பத்துக்கு வெறும் 10. நாம் போனில் பார்த்து ‘இன்னைக்கு 40’ என்று பேசிக்கொள்கிறோமே, அந்த எண்ணுக்கு இந்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு மரியாதைதான். சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடலோரமாக வேலை பார்க்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். திருச்சியில் 40, சென்னையில் 36 என்றால் சென்னைக்காரர் தப்பித்தார் என்று அர்த்தம் கிடையாது.

நான் அங்கே போன காலத்தில் இருந்த விதி 2007இல் வந்தது. ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை, காலை 11.30 முதல் மதியம் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை கூடாது. செப்டம்பர் முதல் தேதி அந்தத் தடை போய்விடும். காலண்டர் மாறியதும் காற்றில் இருந்த ஈரமும் மாறிவிடுமா என்ன?

அந்த மாதிரி ஒரு செப்டம்பர் ஆரம்பத்தில்தான் பிளாக் வேலை கேங்கில் ஒரு பையன் விழுந்தான். ராமநாதபுரம் பக்கம். தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த வாரம். வெயில் தாழ்ந்து, எல்லாரும் இனிப் பயமில்லை என்று நினைக்கும் நாலு மணி வாக்கில் நடந்தது. சுவர் ஓரமாக நான் போகும்போது அவன் ஒரு பிளாக் மேல் கலவையைப் பரப்பினான். அடுத்த பிளாக்கை எடுத்து வைக்காமல், அந்தக் கலவை மேலேயே மறுபடி கலவையைப் பரப்பினான். பிறகு மறுபடியும். கூட நின்ற கொத்தனார் அவன் விளையாடுகிறான் என்று நினைத்து அதட்டினார். “தம்பி, என்னடா பண்ற?” என்று கேட்டேன். “பஸ் வந்துருச்சாண்ணே?” என்றான். பஸ் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

வெயிலால் வரும் கோளாறுகளில் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, கண் இருட்டுவது எல்லாமே எச்சரிக்கைதான். நிழலில் உட்கார வைத்து, தண்ணீரும் உப்பும் கொடுத்து, காற்று வீசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பேச்சு தடம் மாறினால் கதை வேறு. சம்பந்தமில்லாத பதில், காரணமில்லாத எரிச்சல், நடை தள்ளாடுவது, செய்த வேலையையே திரும்பச் செய்வது, வலிப்பு. மூளை சூடேறிவிட்டது என்று பொருள், இதுதான் ஹீட் ஸ்ட்ரோக். உடம்பின் உள் வெப்பம் 40ஐத் தாண்டியிருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிஷமும் உயிர்க் கணக்கு.

அந்தப் பையனின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ‘வேர்க்குதே, அப்போ ஹீட் ஸ்ட்ரோக் இல்லை’ என்று சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். வியர்வை நின்று தோல் காய்ந்துபோவது வீட்டுக்குள் புழுக்கத்தில் கிடக்கும் வயதானவர்களிடம் அதிகம் பார்க்கலாம். பாடுபட்டு வேலை செய்துகொண்டே விழுகிறவனுக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு தப்பான நம்பிக்கையால் எத்தனை பேரை வெறுமனே நிழலில் படுக்கப் போட்டு வேடிக்கை பார்த்திருப்பார்களோ!

சைட் கிளினிக்கில் மலையாளி நர்ஸ் ஒருவர் இருந்தார். அவர் வந்து பார்த்ததும் யாரையும் கலந்து பேசவில்லை. பூட்ஸைக் கழற்றி, உடம்பு முழுக்க மூடும் கவரால் உடுப்பைக் கத்திரியால் வெட்டினார். சிமென்ட் மூட்டை மூடியிருந்த தார்ப்பாயை விரித்து அதில் பையனைக் கிடத்தச் சொன்னார். ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டோம், தொட்டி மாதிரி. குடிதண்ணீர் பெட்டியில் இருந்த ஐஸ் அத்தனையும் உள்ளே போனது, மேலே ஹோஸ் தண்ணீர். ஒருவர் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொண்டார். தண்ணீரை அலசிக்கொண்டே இருக்கச் சொன்னார் நர்ஸ். அசையாமல் விட்டால் உடம்பைச் சுற்றியுள்ள தண்ணீர் சூடாகி நின்றுவிடுமாம். வெப்பம் பார்த்தபோது 41ஐ நெருங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தும்கூட உடனே ஏற்ற விடவில்லை. சூடு 39க்கு இறங்கட்டும், அப்புறம் ஏற்றலாம் என்று பிடிவாதமாக நின்றார். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ட்ராஃபிக்கில் அந்த அரை மணியைத் தொலைத்தால் ஆஸ்பத்திரியில் எவ்வளவு பெரிய டாக்டர் இருந்தாலும் திண்டாட்டம்தான்.

பையன் பிழைத்தான். ஆனால் மறுநாள் அவனுக்கு இறங்கிய சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. சூட்டிலும் கடும் உழைப்பிலும் தசை உடைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைத்துவிடும். பல நாள் ஆஸ்பத்திரி, பிறகு கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்க்கிற வேலை, அதுவும் முடியாமல் ஊர். ஒரு தடவை ஹீட் ஸ்ட்ரோக் வந்தவருக்கு அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு, சிலருக்கு மாதக்கணக்கில், வெயிலைத் தாங்கும் சக்தி திரும்பாது. கேட்டால் ‘இப்ப சரியாயிருச்சு சார்’ என்றுதான் சொல்வார்கள்.

அவன் ஏன் விழுந்தான் என்ற விசாரணையில் ‘தண்ணீர் குறைவாகக் குடித்திருக்கிறார்’ என்று எழுதி முடித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்ணீர் பத்தடி தூரத்தில் இருந்தது. அவன் ஊரில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தவன். வெயிலுக்குப் பழகிய உடம்பு அதிக வியர்வையைச் சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பைக் குறைவாக விடும், இதயத்துக்கும் பாரம் குறையும். இந்தப் பழக்கம் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். விட்டுவிட்டால் ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். ஊரில் கல்யாண வீட்டில் ஃபேனுக்கு அடியில் படுத்து எழுந்தவன் முதல் நாளே மற்றவர்களோடு சரிக்குச் சரியாக நின்றான். காரணம், அந்த கேங்குக்குச் சதுர மீட்டர் கணக்கில் காசு. நாள் முடிவில் வருவதை ஆறு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒருவன் உட்கார்ந்தால் ஐந்து பேர் பங்கில் குறையும். யாரும் அவனைத் திட்ட வேண்டியதில்லை, அவனுக்கே தெரியும். கல்யாணக் கடன் வேறு கழுத்தைப் பிடித்திருந்தது.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பு சொல்கிற கணக்குப்படி, வேலையிடத்தில் வெப்பத்தால் நடக்கும் சாவுகளில் முக்கால்வாசி, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நடக்கிறது. அங்கே பரிந்துரைக்கும் முறை எளிது. புது ஆளுக்கு முதல் நாள் வெயிலில் 20 சதவீத நேரம்தான், பிறகு தினம் 20 சதவீதம் கூட்டலாம். ஏற்கனவே இந்த வேலையில் பழகி, லீவு முடிந்து வந்தவருக்கு முதல் நாள் 50, அடுத்து 60, 80, நான்காம் நாள் முழு வேலை. இந்த அட்டவணையை நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். ஒருவரும் மதிக்கவில்லை. பங்குக் கணக்கில் பாதி ஆளாக ஒருவரைச் சேர்க்க எந்த கேங் ஒத்துக்கொள்ளும்? கடைசியில் வேலை செய்தது ஓர் எளிய ஏற்பாடு. ஊரிலிருந்து வந்தவரை முதல் வாரம் கேங் கணக்கிலேயே சேர்க்காமல், கம்பெனி நாள் சம்பளத்தில் ஸ்டோரில், நிழலில் பிளாக் பிரித்து அடுக்குவதில், காலை நேர வேலையில் வைப்பது. அடுத்த வாரம் கேங்குக்குப் போகலாம். ப்ராஜெக்ட் மேனேஜர் செலவு என்று முணுமுணுத்தார். ஆம்புலன்ஸ் வந்து நின்றால் சைட் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்ற கணக்கை எடுத்து வைத்ததும் கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் எண்ணாகச் சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும்.

அங்கே தூக்கத்தில் இறந்துபோனவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முப்பது வயது ஆள், இரவு சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. சான்றிதழில் ‘இதயம் நின்றது’ அல்லது ‘இயற்கை மரணம்’ என்று இருக்கும். பிரேதப் பரிசோதனை பெரும்பாலும் கிடையாது. 2009க்கும் 2017க்கும் நடுவில் கத்தாரில் இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2019இல் கார்டியாலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. இதய நோய் என்று எழுதப்பட்ட 571 சாவுகளில் 200 வரை, வெயிலிலிருந்து ஒழுங்கான பாதுகாப்பு இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று அது சொன்னது. வெயில் மாதங்களில் அந்தச் சாவுகள் கூடியதையும் காட்டியது. நம்ம ஊர்ப் பையன்களின் கணக்கை அப்படி யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

2021இல் கத்தார் விதியை மாற்றியது. தடை இப்போது ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மதியம் 3.30 வரை. அதைவிட முக்கியமானது இன்னொன்று: டபிள்யூபிஜிடி 32.1ஐத் தாண்டினால், எந்த மாதமாக இருந்தாலும், எந்த மணியாக இருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டும். நான் அங்கே பார்த்ததிலேயே உருப்படியான விதி இதுதான் என்பேன். ‘எனக்கு முடியவில்லை’ என்று ஆள் வாய் திறந்து சொல்ல வேண்டிய அவசியத்தை அது எடுத்துவிட்டது. சொன்னால் அடுத்த காண்ட்ராக்டில் பெயர் இருக்குமா என்று பயப்படுகிறவர் ஒருநாளும் சொல்ல மாட்டார். மீட்டர் சொன்னால் ஃபோர்மேன்கூட உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அது எல்லா சைட்டிலும் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மீட்டரைக் கொண்டுபோய்த் தண்ணீர் டேங்க் நிழலில் வைத்த புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு வந்து திருச்சியில் முதல் கத்திரி வெயிலில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது. தளம் போடும் நாளைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கான்கிரீட் கேங்குக்கு மொத்தக் காண்ட்ராக்ட். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாமல் அந்த இடத்தில் ஜாயின்ட் விழும். மிக்சர் சுத்திக்கொண்டே இருக்கும், கீழிருந்து மேலே ஆள் வரிசையாக நின்று கலவைச் சட்டியை, அதாவது பாண்டை, மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வழக்கமாக ஒன்பது மணிக்கு பூஜை போட்டு ஆரம்பித்து, உச்சி வெயில் மண்டையில் இறங்கும் நேரத்தில் தளத்தின் நட்ட நடுவில் நிற்போம். கான்கிரீட்டைத் தாங்க அடியில் கட்டிய செண்ட்ரிங் தகடு கீழிருந்து சுடும், கம்பியைத் தொட முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கான்கிரீட்டுக்கு வெயில் விதி இருக்கிறது. காற்றின் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போனால் கான்கிரீட்டை எப்படிக் கலக்க வேண்டும், எப்படிக் குளிர்விக்க வேண்டும், எப்படி மூட வேண்டும் என்று ஐஎஸ் 7861 என்ற இந்தியத் தர விதி பக்கம் பக்கமாகச் சொல்கிறது. ஜல்லியை நிழலில் வை, தண்ணீர்த் தொட்டிக்கு வெள்ளை அடி, விடியற்காலையில் அல்லது இரவில் போடு. அந்தக் கலவையைத் தலையில் சுமக்கிற சித்தாளுக்கு இப்படி ஒரு வரி எந்த ட்ராயிங்கிலும் எந்த எஸ்டிமேட்டிலும் நான் பார்த்ததில்லை. சரி, கான்கிரீட்டைச் சாக்காக வைத்தே காரியத்தைச் சாதிக்கலாம் என்று தோன்றியது. வீட்டு ஓனரிடம் போய் “ஆளுங்களுக்கு வெயில் தாங்காது, விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஆரம்பிப்போம்” என்றால் “அதெல்லாம் அவங்களுக்குப் பழக்கம் சார்” என்பார். “வெயில்ல போட்டா தளம் வெடிப்பு விடும் சார்” என்றால் உடனே “அப்போ நாலு மணிக்கே ஆரம்பிச்சிரலாமா?” என்பார். இரண்டும் உண்மைதான். காது கேட்கிற உண்மையைச் சொல்கிறேன்.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்களின் பிரச்சினை தனி. அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று ஆண் சூப்பர்வைசர் கேட்டால் பதில் வராது. கலவை போடும் அக்கா ஒருவர்தான் ஒருநாள் பட்டென்று சொன்னார்: “குடிச்சா எங்க தம்பி போறது? பக்கத்து வீட்டுக்காரங்க கதவத் தொறப்பாங்களா?” காலையில் வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் சாயங்காலம் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, வருஷக்கணக்கில் இப்படியே போனால் கிட்னிக்கே கேடு. நான் இப்போது அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஒரு கழிப்பறை எழுப்பிவிடுகிறேன். தகர ஷீட், ஒரு பேசின், உள்பக்கம் தாழ்ப்பாள், ஒரு வாளி. தாழ்ப்பாள் இல்லாவிட்டால் அது கழிப்பறையே இல்லை. அது வந்த பிறகு தண்ணீர்க் கேன் காலியாகும் வேகமே மாறிவிட்டது. வெயிலுக்கு எதிராக நான் செய்த செலவில் மிக மலிவானது இதுதான், மிக நன்றாகப் பலித்ததும் இதுதான்.

கர்ப்பமாக இருக்கும் பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு, கடும் சூட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கரு கலையும் அபாயம் இரண்டு மடங்கு என்று கண்டது. நம் சைட்டில் மூன்றாம் மாதம்வரை யாரும் சொல்வதே இல்லை. சொன்னால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். மேஸ்திரியிடம் நான் சொல்லி வைத்திருப்பது, யார் சொன்னாலும் கூலி குறையாமல் நிழல் வேலைக்கு மாற்று, காரணம் கேட்காதே என்பதுதான். நிழல் வேலை எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதுதான் சின்ன சைட்டின் கஷ்டம்.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தாகம் எடுத்துக் குடிப்பது தாமதம். கால் மணிக்கு அல்லது இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், சுமார் கால் லிட்டர். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், அதுவும் தலைச்சுற்றல், வாந்தி, குழப்பத்தில் கொண்டுபோய் விடும். உப்பு சாப்பாட்டிலிருந்து வந்தால் போதும். உப்பு போட்ட மோர், நீராகாரம், ஊறுகாயோடு பழைய சோறு, எல்லாம் நல்லதுதான். காலையில் வெறும் டீயோடு வந்து நிற்கிறவரிடம்தான் பத்து மணிக்கே சோர்வைப் பார்க்கிறேன். ரொம்ப வேர்த்தவருக்கு ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டரில் கலக்கலாம். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவு. சர்க்கரை வியாதியும் பிரஷரும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரஷருக்கு ‘நீர் பிரிய’ என்று கொடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது.

மாத்திரை என்றதும் இன்னொன்று. உடம்பு வலிக்குத் தினமும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இவை கிட்னிக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைக்கும். வெயில், வறட்சி, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் நாற்பது வயதில் டயாலிசிஸ் வாசலில் நிற்க நேரிடலாம். மத்திய அமெரிக்காவில் சர்க்கரை வியாதியோ பிரஷரோ இல்லாத விவசாயத் தொழிலாளிகளுக்குக் கிட்னி செயலிழப்பதை 2002இல் எல் சால்வடார் மருத்துவர்கள் எழுதினார்கள். பழுதுக்கு முழுக் காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. சூட்டில் கடும் உழைப்பு அதில் முக்கியச் சந்தேகம். கரும்பு வெட்டுகிறவர்களுக்கு வெட்டிய டன்னுக்குத்தான் அங்கேயும் கூலி.

விழுந்தவரைச் சுற்றி நம்ம ஊரில் நடப்பதையும் பார்த்திருக்கிறேன். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து, மூக்கில் வெங்காயம், வாயில் சோடா. சுயநினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம், இது அந்தக் காய்ச்சல் இல்லை. ஒருவர் 108க்குப் பேசட்டும். மற்றவர்கள் தார்ப்பாயை இழுங்கள். சைட்டில் ஐஸ் இருக்காது; கான்கிரீட்டை நனைக்க வைத்திருக்கும் க்யூரிங் தண்ணீர் இருக்கும், ஹோஸ் இருக்கும். நிழலுக்கு இழுத்து, துணியைக் களைந்து, தலையிலிருந்து கால்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே அட்டையால் விசிறுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது கொதிநீர், அதை வெளியே விட்டுவிட்டு ஊற்றுங்கள். தெருமுனை பெட்டிக்கடையில் ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்லதுதான். ஆனால் அது இறந்த பிறகு வரும் காசு. பக்கத்திலுள்ள கேரளாவில் தொழிலாளர் துறை கோடைதோறும் உத்தரவு போடுகிறது: வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு, வேலை நேரம் காலை 7க்கும் மாலை 7க்கும் நடுவில் எட்டு மணி. அந்த மூன்று மணி நேரம் எங்கே உட்காருவது என்பதும் முக்கியம். சைட்டில் நிழலே இல்லாவிட்டால் ஓய்வு என்பது வேறு இடத்தில் வேகுவதுதான்.

சட்டம் வரும்வரை நான் காண்ட்ராக்ட் பேசும்போதே இரண்டு விஷயத்தைச் சேர்த்துவிடுகிறேன். மார்ச் முதல் ஜூன் வரை தளம் போட்டால், கேங் கேட்கும் ஆளைவிட இரண்டு பேர் கூடுதல். அவர்கள் கூலி ஓனர் கணக்கு, கேங் பங்கில் கை வைக்கக் கூடாது. இரண்டு பேர் எப்போதும் நிழலில் இருப்பார்கள், சுற்றி மாறிக்கொள்வார்கள். உட்காருகிறவரைப் பார்த்து யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை, ஏனென்றால் பங்கு குறையவில்லை. இரண்டாவது, புதிதாக வரும் வடமாநிலப் பையன்களுக்கு முதல் வாரம் நாள் கூலி, கேங் கணக்கு அடுத்த வாரத்திலிருந்துதான். ரயிலில் இரண்டு நாள் தூங்காமல் வந்து இறங்கி மறுநாளே கம்பி தூக்குகிறவர்கள் அவர்கள். கையில் காசு இல்லாமல் வந்திருப்பதால் எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் மேஸ்திரிக்கு இந்தி புரிய வேண்டுமே. தோஹாவில் கற்றுக்கொண்ட அரைகுறை இந்தி இங்கேதான் எனக்கு அதிகம் பயன்படுகிறது.

இதிலும் தீராத சிக்கல் ஒன்று பாக்கி. விடியற்காலை ஐந்து மணிக்கு மிக்சரைக் கிளப்பினால் தெருவே எழுந்துவிடும். போன கோடையில் எதிர்வீட்டுப் பெரியவர் லுங்கியோடு வந்து போலீசைக் கூப்பிடுவேன் என்று நின்றார். நியாயமான கோபம்தான். வெளியே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வாங்கினால் சத்தம் கொஞ்சம் குறையும், ஆட்கள் பாண்டு சுமப்பதும் குறையும். ஆனால் சந்துக்குள் லாரி நுழையாத வீடுகளே எனக்கு அதிகம் வருகின்றன. முதல் நாள் சாயங்காலமே தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைப்பது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கும் தெருவில் தேதியைத் தள்ளிப்போடுவது என்று இப்போதைக்குச் சமாளித்து வருகிறேன். வெளிச்சத்துக்கு ஜெனரேட்டர் வைக்காமல் ஓனர் வீட்டு மின்சாரத்தில் எல்இடி ஃப்ளட் லைட் கட்டினால் பாதிச் சத்தம் மிச்சம். மிக்சர் சத்தத்துக்கு வழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.